முக்கால்வாசி முடிந்த கட்டடம்

"கூரை எங்கேய்யா?"

இன்ஜினியர் இடுப்பில் கைகளை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மேலே வானம்தான் தெரிந்தது. ஒரு காக்கை சாவகாசமாகக் குறுக்கே பறந்து போனது.

"கூரையா? இல்லைங்க சார்!" என்றார் காண்ட்ராக்டர், வாயெல்லாம் பல்லாக.

இன்ஜினியருக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து முந்தாநாள்தான் பொறுப்பேற்றிருந்தார். பழைய ஆபீசில் அவருக்கு 'இடிமுழக்கம்' என்று பெயர். ஃபைலைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. நேரே போய் நாலு சத்தம் போட்டால் எந்த வேலையும் நடந்துவிடும் என்று நம்புகிறவர்.

"ஜன்னல்?"

"ஒண்ணுகூட இல்லைங்க சார்."

"கதவு?"

"அதுவும் இல்லைங்க. நேத்தே..."

"நேத்து, முந்தாநேத்துக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். வேலை எந்த மட்டுல இருக்கு? அதைச் சொல்லு."

காண்ட்ராக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "முக்கால்வாசி முடிஞ்சிருச்சு சார்!"

இன்ஜினியர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் சுவர் உருப்படியாக நின்றது. மற்றதெல்லாம் முழங்கால் உயரம். நடுவே செங்கல் குவியல். அதன் நிழலில் ஆட்கள் கடப்பாரைகளைச் சாத்தி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுவா முக்கால்வாசி? யார் காதுல பூ சுத்தறே?"

"சார், சொன்ன தேதிக்கு முன்னாடியே நாங்க..."

"பேசாதே! செங்கல் மலையாட்டம் கிடக்கு, எடுத்து அடுக்க நாதியில்லை. சாயங்காலம் திரும்ப வருவேன். நாலு பக்கமும் சுவர் என் தோள் உயரத்துக்கு நிக்கணும். இல்லேன்னா உன் பேரைக் கறுப்புப் பட்டியல்ல ஏத்திட்டுத்தான் எனக்கு மறுவேலை. அப்புறம் ஆயுசுக்கும் அரசாங்க வேலை கிடையாது, தெரிஞ்சுக்கோ!"

"சுவரா சார்?"

"ஆமாய்யா, சுவர்! செங்கல், சிமெண்ட், சுவர்! கேள்விப்பட்டதே இல்லையா?"

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கூடவே காண்ட்ராக்டரின் சிரிப்பும் போனது. கறுப்புப் பட்டியலா! இத்தனை வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை. அங்கே டீ குடிக்கிற அத்தனை பேரின் பிழைப்பும் அவர் பேரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வேலையை மேற்பார்க்கும் மைத்துனன் ஓடி வந்தான். "என்ன மாமா சொல்லிட்டுப் போறாரு?"

"சுவர் எழுப்பணுமாம்டா. சாயங்காலத்துக்குள்ள."

"நல்லாக் கேட்டீங்களா?"

"காது கிழியக் கேட்டேன்."

"எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா?"

"போன வருஷம் ரோட்டைப் போட்டோம், தோண்டினோம், திரும்பவும் போட்டோம். எதுக்குன்னு கேட்டோமா? மேலிடத்துல என்னமோ நினைச்சிருப்பாங்க. நமக்கேன் வம்பு? போய்க் கொத்தனாருங்களைக் கூட்டிட்டு வா!"

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "கதவு நிலைக்கு எங்கே போறது?"

"நேத்து லாரியில போச்சுல்ல? போன் போட்டுத் திருப்பச் சொல்லு!"

அவ்வளவுதான், இடமே அமளிதுமளிப்பட்டது. மைத்துனன் பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்களைக் கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்தான். காண்ட்ராக்டர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தானே கலவைச் சட்டி தூக்கினார். ஆட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாலும் செங்கல் கைமாறிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, நாளைக்கும் இதே வேலைதானா?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

"நாளைக்கு என்ன சொல்வாங்களோ, யாரு கண்டா? நீ கல்லை எடு!"

பொழுது சாய்ந்தபோது ஜீப் வந்து நின்றது. அதன் பின்னாலேயே ஒரு கார். இன்ஜினியர் இறங்கி ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டார். மேலதிகாரி இறங்கினார்.

"வாங்க சார், வந்து நீங்களே பாருங்க. காலையில இங்க கூரையும் இல்லை, கதவும் இல்லை, ஒழுங்கா ஒரு சுவரும் இல்லை. ஒரே ஒரு சத்தம்தான் சார் போட்டேன்!"

நாலு பக்கமும் சுவர் தோள் உயரத்துக்கு நின்றது. கதவு நிலை கொஞ்சம் சாய்வாக இருந்தாலும் நின்றது. கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று முன்பக்கத்துக்கு வெள்ளையடித்தும் வைத்திருந்தார்கள். தலையெல்லாம் சிமெண்டாகக் காண்ட்ராக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேலதிகாரி கிட்டே போனார். சுவரைச் சுற்றி வந்தார். விரலால் பூச்சை அழுத்திப் பார்த்தார், விரல் உள்ளே போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் ஒரு சுற்று வந்தார்.

இன்ஜினியர் பாராட்டுக்குத் தயாராகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

காண்ட்ராக்டர் ஓரடி முன்னால் வந்தார். "கூரையும் நாளைக்கே போட்டுடறோம் சார். இன்னிக்கு நேரம் பத்தலை" என்றார் அவசரமாக.

மேலதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அழாத குறையாகக் கேட்டார்:

"யோவ், இதை இடிக்கத்தானேய்யா காண்ட்ராக்ட் குடுத்தோம்?"