தோளில் இறங்கும் பாரம்

பெரிய வெள்ளியின் மாலை வெயிலில், அந்திகுவா நகரத் தெருவில் மரத்தூளால் போட்ட கோலம் ஊதாவும் மஞ்சளுமாக மினுங்குகிறது. கறுப்பு உடுத்திய பெண்கள் மாதாவின் தேரைத் தோளில் ஏந்தி, முரசுக்கு அசைந்தபடி வருகிறார்கள். தோளின் உயரத்தை அளந்துதான் இங்கே இடம் கொடுப்பார்கள். ஒதிலியாவைப் பாருங்கள், அளக்கவே விடாமல் தன் பழைய இடத்தில் வந்து நின்றுகொண்டாள். முதுகில் வந்த நோய் அவளை இரண்டு வருஷம் படுக்கையில் போட்டு, கூனோடு எழுப்பி அனுப்பியிருக்கிறது. தேர்க்கட்டை அவள் தோளைத் தொடாமல் நாலு விரல் மேலே போகிறது.

"என்னக்கா, சுமக்குறியா, நிழலுக்கு ஒதுங்குனியா?" பின்னால் சுமந்து வரும் எர்மெலிந்தா சிரிக்கிறாள். "குட்டைங்க வரிசைக்குப் போயிருக்கலாம்ல?"

"வாய மூடிட்டு நடடி. இதே எடத்துல வந்து தூக்குவேன்னு படுக்கையில கெடந்தப்பவே மாதாகிட்ட சொல்லிட்டேன்."

ஒதிலியா சால்வையை உருவி, மடித்து, மறுபடியும் மடித்து, தோளுக்கும் கட்டைக்கும் நடுவே திணிக்கிறாள். சாம்பிராணிப் புகைக்குள் தேர் மூலை திரும்புகிறது. பாரமெல்லாம் அவள் பக்கம் சாய்கிறது. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கிறது, ஆனால் கால் தாளம் தப்பவில்லை.

"வலிக்குதாக்கா?" எர்மெலிந்தா பதறுகிறாள்.

"வலிக்குதுடி!" கண்ணீர் வழிய ஒதிலியா சிரிக்கிறாள். "நல்லாவே வலிக்குது!"