அப்பா மடியில்

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்து இரண்டு வருடமாகியும் தேசிகனால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. மணமேடையில் கட்டிய பஞ்சகச்சத்துக்குள் நாப்கினும் நிற்கவில்லை. “ஒரு நிமிஷம் உள்ள போயிட்டு வந்துடறேனே,” என்று கெஞ்சினார். “முகூர்த்தம் தாண்டிடும். பொண்ணை மடியில உக்காத்தி வெச்சுக்கோங்கோ,” என்றார் வாத்தியார். மகள் பத்மஜா உட்கார்ந்தாள். அவள் பாரம் முழுவதும் அவர் அடிவயிற்றில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறும்போதே வேட்டி நனைந்தது. பத்மஜாவின் முதுகு ஒரு கணம் விறைத்தது.

“எழுந்திருடி, மாப்பிள்ளை கையைப் பிடிக்கணும்,” என்றாள் அத்தை.

“இன்னும் கொஞ்ச நேரம் அப்பா மடியிலயே இருக்கேனே.”

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவின் கைகளைத் தன் இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.