சட்டையில் தைல வாடை

கணவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவருடைய பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டாள். மாத்திரை எதுவும் அகப்படவில்லை. ஆனால் கழற்றிப் போட்ட சட்டையில் அதே தைல வாடை, இன்றோடு பத்து நாளாக. கவலையில் தலை விண்விண்ணென்று தெறித்தது. தனக்கென்று ஒரு மாத்திரையைக் கையில் எடுத்தாள். அதற்குள் அவர் வந்துவிட்டார்.

"மறுபடியும் முதுகு வலிதானே? எனக்குத் தெரியாம மாத்திரை முழுங்குறீங்க. உங்க தங்கச்சிக்கு ஒரு கிட்னியைக் குடுத்தாச்சு. மிச்சம் இருக்கிற ஒண்ணையும் கெடுத்துக்கணுமா? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"வலியும் இல்ல, மாத்திரையும் இல்ல."

"அப்போ தைலம் எதுக்கு?"

சட்டையை முகர்ந்து பார்த்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அட, இது எங்க லேப் வாசனை! மூத்திரத்துல இருந்து வலி மாத்திரையைப் பிரிச்செடுத்துக் காட்டுறதுதானே என் வேலை? இத்தனை நாள் குளோரோஃபார்ம் ஊத்தினோம். அது விஷம்னு, இப்போ தைலத்துல போடுற மென்தாலை வச்சுப் பிரிக்கிறோம். மூக்கு பழகிப்போச்சு, எனக்கே தெரியல."

"கதை விடாதீங்க. மாத்திரை முழுங்கலைங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

அவர் போனில் ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினார். அவர் பெயருக்கு நேரே, 'மாத்திரை: துளியும் இல்லை.'

"புது முறையைச் சரிபார்க்க, மாத்திரையே கலக்காத மூத்திரம் தேவைப்பட்டுது. ஆளாளுக்குத் தலைவலி, இடுப்பு வலின்னு எதையாவது முழுங்கியிருந்தாங்க. ஆபீஸ்லேயே தேறினது என்னுது ஒண்ணுதான்!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையிலிருந்த மாத்திரையை டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

"நாளைக்கு வேணும்னா என்னுதையும் எடுத்துட்டுப் போங்க."