ஓசிச் சூடு

சோஃபியா நகரத்து அடுக்குமாடியில், பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கைகளாலும் இடித்துக்கொண்டிருந்தாள் ராத்கா. கணவன் மெத்தோடி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான்.

"பைத்தியமா உனக்கு? நம்ம ஹீட்டரை அணைச்சுட்டு, குளிர்காலம் பூரா ஸ்தெஃப்கா அக்கா வீட்டுச் சுவர்ச் சூட்டுலதான் ஓசியில காயறோம். உளறி வைக்காதே!"

"விடு என்னை!"

"தெரிஞ்சா மானம் போகும். இன்னிக்குத்தான் சுவர் நல்லாச் சுடுது. அக்கா ஹீட்டரை முழுசாத் திறந்துவிட்டிருக்கு, புண்ணியவதி!"

"மடச் சாம்பிராணி! உனக்கும் சேர்த்துச் சூடாக்கிக் கட்டுப்படியாகலேன்னு, அக்கா நேத்தே எல்லா ஹீட்டரையும் கழட்டிடுச்சு. உள்ளே தீப்பிடிச்சிருக்கு, கதவை உடை!"