அதிகம் முன்னேறியவன்

இந்த சீசனில் அதிகம் முன்னேறியவன் கட்டையன்தான் என்று இராமகிருஷ்ணன் மூன்றாவது முறையாகச் சொன்னான்.

மஹ்மூத் மறுக்கவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வார்டில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் அவன். இரண்டு கைகளிலும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு.

திகனயில் முஸ்லிம்களின் கடைகளைக் கலவரக் கூட்டம் எரித்து ஆறு நாளாகியிருந்தது. மஹ்மூதின் சப்பாத்துக் கடையும் அதன் மேல்மாடியில் இருந்த வீடும் அதில் போயின. அவன் மனைவி றலியாவையும் மகளையும் எதிர்வீட்டுக் குசுமாவதி கூட்டிப்போய்த் தன் அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். வாப்பாதான் மிஞ்சினார். கட்டிலை விட்டு எழும்ப முடியாத மனிதர்.

அவரைத் தூக்கப் போன இடத்தில்தான் மஹ்மூதின் கைகள் வெந்தன.

வாப்பாவின் ஜனாஸாவை மறுநாள் எடுத்தார்கள். மகன் இல்லாமலேயே எடுத்தார்கள்.

அன்றிலிருந்து மஹ்மூத் ‘சரி’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. மருந்து கட்ட வந்த தாதிக்கும் சரி. சோறூட்டிய றலியாவுக்கும் சரி. யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று எழுதிக்கொள்ளவா என்று கேட்ட பொலிஸ்காரருக்கும் சரி.

அவனை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்றுதான் இராமகிருஷ்ணன் மாநகரசபையில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான்.

பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் இருவரும் ஒன்றாக ஆடியவர்கள். பிறகு பந்தைத் தொட நேரமில்லாமல் போனாலும் வாய் மட்டும் ஓயவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும், அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டிகள் முடியப்போகும் சமயத்தில், அந்த வருடம் அதிகம் முன்னேறிய ஆட்டக்காரன் யார் என்ற சண்டை தொடங்கிவிடும். ஒரு வருடம் குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்று சண்டை போட்டதில் மஹ்மூத் திகன பஸ் மூன்றைத் தவறவிட்டான்.

கூடுதல் நிமிடம் ஆடுகிறவனுக்குக் கூடுதல் புள்ளி வரத்தான் செய்யும், அது முன்னேற்றமில்லை என்பான் மஹ்மூத். போன வருடம் செய்ய ஏலாத ஒன்றை இந்த வருடம் செய்கிறானா என்று பார்க்க வேண்டும்.

இந்த வருடம் அவன் பக்கம் நெட்டையன். ஆட்டக்காரர்களுக்கு இருவரும் வைத்துக்கொண்ட பெயர்கள்தான் இவை. உண்மையில் இராமகிருஷ்ணனுக்கும் நெட்டையன்தான். வேண்டுமென்றேதான் அவன் கட்டையனைத் தூக்கிப் பிடித்தான்.

கட்டையனின் வேகத்தைச் சொன்னான். அவன் பந்தைப் பறிக்கும் விதத்தைச் சொன்னான். போனில் வீடியோ போட்டு முகத்துக்கு நேரே பிடித்தான்.

“சரி,” என்றான் மஹ்மூத்.

இராமகிருஷ்ணனுக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, ஒரு பச்சைப் பொய்யை எடுத்து விட்டான். நெட்டையனுக்கு ஃப்ரீ த்ரோகூடச் சரியாகப் போட வராதாம். பத்துக்கு நாலுதானாம்.

மஹ்மூதின் தாடை அசைந்தது.

“எட்டு,” என்றான்.

குரல் கரகரத்தது. ஆனால் அது பழைய மஹ்மூதின் குரல்.

இராமகிருஷ்ணன் ஸ்டூலை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டான். விடக்கூடாது. எட்டாகவே இருக்கட்டும், அது பெரிய விஷயமா என்று கேட்டான். நின்ற இடத்தில் நின்று, யாரும் மறிக்காமல், ஆற அமரக் குறிபார்த்து எறிவது. யாருக்குத்தான் ஏலாது?

மஹ்மூத் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தான்.

“எல்லாருக்கும் ஏலாது மச்சான். எங்கட மேல்வீட்டு ஜன்னல் எவ்வளவு சின்னம். கூட்டமே றோட்டுல நிண்டு பெற்றோல் போத்தல் எறிஞ்சுது. எல்லாப் போத்தலும் சுவத்துல பட்டு கீழ விழுந்துச்சு. ஒருத்தன் மட்டும் ரெண்டு எட்டு பின்னுக்குப் போனான். முழங்கால மடிச்சு, கைய தலைக்கு மேல கொண்டு போய் எறிஞ்சான். நேரா வாப்பாட கட்டில்ல.”

வார்டில் மின்விசிறி சுற்றியது. பக்கத்துக் கட்டிலில் யாரோ தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

அது யாரென்று இராமகிருஷ்ணன் கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த இரண்டு எட்டை, அந்த முழங்கால் மடிப்பை நான்கு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். ஒவ்வொரு போட்டியிலும் கடைசிப் பந்தை அந்தக் கைக்குத்தான் அவனும் மஹ்மூதும் அனுப்புவார்கள். அவர்களுடைய பள்ளிக்கூட அணிக் கெப்டனின் கை அது.

“அவன் யாரெண்டு யாருக்கும் செல்லாத,” என்றான் மஹ்மூத். “றலியாவும் புள்ளயும் திரும்ப அங்க தான் ஈக்கணும்.”

கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைகளுக்குக் கீழிருந்து தண்ணீர் வழிந்தது. கைகளால் துடைக்க முடியவில்லை. இராமகிருஷ்ணன் தன் லேஞ்சியால் துடைத்துவிட்டான்.

லேஞ்சியை மடிக்கும்போதுதான் அவனுக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது.

காலையில் கந்தோரில் இருந்தபோது கெப்டன் போன் எடுத்திருந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. மஹ்மூத் எப்படி இருக்கிறான் என்று கேட்டான். பேசுகிறானா என்று கேட்டான். பொலிஸுக்கு ஏதும் சொன்னானா என்றும், கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை, பேசுகிறானா என்றும் கேட்டான்.

பழைய சிநேகிதம் விட்டுப்போகவில்லை என்று இராமகிருஷ்ணன் நெகிழ்ந்துபோயிருந்தான். மத்தியானம் வந்தால் மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம் என்று அவன்தான் சொன்னான்.

வார்டு இலக்கத்தையும் கட்டில் இலக்கத்தையும் இரண்டு முறை சொல்லி, எழுதிக்கொள்ளச் செய்தான்.

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.