நல்ல ஹெல்மெட்

கோகிலவாணி தன் மகள் யாழினிக்குக் கடையிலேயே உயர்ந்த ஹெல்மெட்டைத்தான் வாங்கித் தந்திருந்தாள். காந்திபுரத்தில் ஓட்டுநர் இல்லாமல் கணினியால் தானே ஓடும் பால் வண்டி ஒன்று யாழினியைச் சைக்கிளோடு இடித்துத் தள்ளியது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

விளக்கம் கேட்கக் கோகிலவாணி வண்டி நிறுவனத்துக்குப் போனாள். அதிகாரி சிரித்த முகத்தோடு விபத்தின் பதிவைத் திரையில் காட்டினார்.

"முன்னாடி போன லாரி திடீர்னு நின்னுருச்சுங்க. வலது பக்கம் ஒருத்தரு வெறுந்தலையோட சைக்கிள்ல வந்தாரு. அவர இடிச்சிருந்தா செத்திருப்பாரு. உங்க பொண்ணு நல்ல ஹெல்மெட் போட்டிருந்துச்சு, பொழச்சுக்கும்னு வண்டி இடது பக்கம் திரும்புச்சு. சரியான முடிவுதானுங்களே?"

"நான் ஆசையா வாங்கிக் குடுத்த ஹெல்மெட்டப் பாத்துத்தான் எம்புள்ளைய இடிச்சுதா?"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. ஒரு உசுரும் போகல பாருங்க."

நிறுவனத்தின் அன்பளிப்பு என்று, அதைவிட உயர்ந்த புது ஹெல்மெட் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். கோகிலவாணி விரல் நுனியால் அதை அவரிடமே தள்ளினாள்.

"நீங்க இதப் போட்டுக்கிட்டு, உங்க வண்டி ஓடுற ரோட்டுல ஒருக்கா சைக்கிள்ல போய்ட்டு வாங்க. அப்பறம் நான் வாங்கிக்கறேன்."

சிரிப்பு மறைந்தது. அதிகாரி அந்த ஹெல்மெட்டைத் தொடவே இல்லை.