அத்தை பேர் வேண்டாம்

அபிராமத்தில் பூட்டனார் வாங்கிய நிலத்தின் பழைய பத்திரத்தை நாலு வருசமாகத் தேடியவள் துர்காதேவி. அது சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான்.

“திங்கக்கிழமை ரெண்டு பேரும் போவோம்ண்ணே. வம்சாவளிப் பட்டியல் கேப்பாகளாம். எழுதிட்டேன்.”

அண்ணன் மருதுபாண்டி வாங்கிப் பார்த்தான். “ராக்கு அத்தை பேர எதுக்கு எழுதுன? நாளைக்கு நிலத்துல பங்கு கேக்கும்.”

அய்யாவின் ஒரே தங்கச்சி ராக்கு. துர்கா கொஞ்சம் தயங்கினாள்.

“சரிண்ணே, எடுத்துருங்க.”

“நானே திருத்தி டைப் அடிச்சு வைக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பையில் துணி அடுக்கிக்கொண்டே போன் செய்தாள். “ரயிலுக்கு எத்தனை மணிக்கு வரணும்ண்ணே?”

“நீ எதுக்கு அலையிற? பட்டியல்ல பேர் உள்ளவுகளத்தான் விடுவாகளாம். வாட்ஸ்அப்புல அனுப்பிருக்கேன், பாரு.”

பார்த்தாள். அத்தை பேர் இல்லை. அய்யாவுக்குக் கீழே மருதுபாண்டி மட்டும் இருந்தான்.

“என் பேரு எங்கண்ணே?”

“அத்தை பேர எடுக்கச் சொன்னது நீதான? என் மகனுக்கு நீயும் அத்தைதான்.”